வாய்மொழி உண்டு

ஈகா
ஷோவா 33 (1958), ஜூன் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நொபுயே எழுதுகிறேன். இங்கே நேற்று முதல் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றதும் எனக்கு உங்கள் இடது முழங்கால்தான் நினைவுக்கு வருகிறது. கானஸாவாவில் ஈரம் இன்னும் அதிகம் என்கிறார்கள். வலி எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறீர்களா? பள்ளிக்கூடத்தில் மாடிப்படி ஏறாத வகுப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்ளக் கூடாதா? நாங்கள் இருவரும் நலம்.

வரும் அக்டோபர் 19 அப்பாவின் பதின்மூன்றாம் ஆண்டு நினைவுநாள். அது விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் மூத்த சீடர் நிஷிவாகி எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார். பதின்மூன்றாம் ஆண்டுக்குள் வாரிசு களஞ்சியச் சுவரில் ஓடி ஏறிக் காட்ட வேண்டும், அதுதான் நம் கிரிஹாரா போர்க்கலைப் பள்ளியின் வழக்கம் என்றார். வழக்கம் உண்மைதான், உங்களுக்கும் தெரியும். போர், பஞ்சம் என்று இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள். ஏறாவிட்டால் பெயர்ப்பலகையைக் கழற்றித் தன்னிடம் கொடுக்க வேண்டுமாம்.

"மருமகனா வந்து பேர மாத்திக்கிட்டா வாரிசு ஆயிடுவாரா? வாய்மொழி கானஸாவாவுல இருக்கு, செவுரு இங்க இருக்கு. நடுவுல இவரு எதுக்கு?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். என் கணவர் தலைகுனிந்து, "அன்னிக்கு ஓடறேன்" என்று மட்டும் சொன்னார்.

அண்ணா, நம் பள்ளியின் பழைய சுருள் ஏட்டில் இதைப் பற்றி இருப்பது மூன்றே வரி. சுவர். நான்கு காலடி. வாய்மொழி உண்டு. அந்த வாய்மொழியை அப்பா கடைசி நாளில் உங்களிடம்தான் சொன்னார். நான் அடுக்களையில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன், முணுமுணுப்பு கேட்டது. உள்ளே வந்து என்ன என்று கேட்டதற்கு நீங்கள் "வாய்மொழி" என்றீர்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷமாகக் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். அதை என் கணவருக்குச் சொல்லிவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நொபுயே


கானஸாவா
ஜூன் 21

நொபுயேவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியே இருக்கிறது. முப்பத்திரண்டு வருஷமாக அப்படியே இருப்பதைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை. நீங்கள் நலம் என்றறிந்தேன்.

பதின்மூன்றாம் ஆண்டு என்று வகுப்பில் சொன்னபோது பையன்கள், "பன்னெண்டுதானே சார் ஆகுது?" என்றார்கள். இறந்த நாளையே ஒன்று என்று எண்ணும் கணக்கை விளக்க வேண்டியிருந்தது. வயதைப் பிறந்தநாளில் எண்ணச் சொல்லிச் சட்டம் வந்த பிறகு, பிறந்த குழந்தைக்கு ஒரு வயது என்றால் சிரிக்கிறார்கள். எண்ணத் தெரியாத நாடாகிவிட்டது இது.

உன் கடிதத்தில் முழங்காலுக்கு ஐந்து வரி, சுவருக்கு ஒரு பக்கம். போன மூன்று வருஷங்களில் நீ எனக்கு எழுதியவை புத்தாண்டு அட்டைகள் மட்டும். ஆகவே விகிதம் எனக்குப் புரிகிறது.

மறந்திருப்பாய், ஞாபகப்படுத்துகிறேன். அந்த வீட்டின் மூத்த மகன் நான். கால் போனதும் என் கையில் புத்தகத்தைத் திணித்து வெளியூருக்கு அனுப்பினார்கள். நான் கல்லூரி முடித்துத் திரும்பி வந்தபோது என் இடத்தில், என் தட்டில், நபாரி ஊர் தோஃபு கடைக்காரரின் இரண்டாவது மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் குடும்பப் பெயரும் அவருக்கு வந்துவிட்டது. எழுந்து வணங்கி, "வாங்க அண்ணா" என்றார். என் வீட்டுக்கு என்னை வரவேற்றார்!

வீடு அவருக்கு. கூடம் அவருக்கு. அப்பா அவருக்கு. ஒரே ஒரு சொல் எனக்கு. அதுவும் இப்போது வேண்டுமாம்.

தோஃபு சோயாக்கட்டியின் மேல் ஏறிப் பழகிய கால் சுவரிலும் ஏறும் என்று அப்பா நம்பினார். அந்த நம்பிக்கையை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

மழையில் கூரையைக் கவனிக்கச் சொல். வடகிழக்கு மூலை ஒழுகும்.

தெய்ஸோ


ஈகா
ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

வடகிழக்கு மூலை ஒழுகத்தான் செய்தது. ஓடு மாற்றிவிட்டோம், நன்றி. இங்கே மழை நின்று வெயில் சுடுகிறது. சாப்பாடு ருசிக்காத காலம், ஊறுகாயை வைத்தாவது மூன்று வேளையும் சாப்பிடுங்கள்.

நீங்கள் எழுதியது எதையும் நான் மறுக்கப் போவதில்லை. அதை அவரிடம் காட்டக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் தபாலை வாங்கியதே அவர்தான். படித்துவிட்டு, "கூரையப் பத்திச் சொல்லியிருக்காரே, அக்கறை இருக்கு" என்றார். அவர் அப்படித்தான்.

தினமும் விடியலில், சாய்த்து வைத்த பயிற்சிப் பலகையில் ஓடுகிறார். சாய்வை நீங்கள் ஓடிய காலத்தை விட ஒரு கை நிமிர்த்தியிருக்கிறார். பலகையில் நாலு அடி சரியாக வருகிறது. நாலாவதில் கை மேல்கட்டையைப் பிடிக்கிறது. ஆனால் பலகை சாய்வு, சுவர் நெட்டுக்குத்து. சுவரை ஒருமுறைக்கு மேல் தொடக் கூடாது என்பது விதி. பழகிப் பார்க்க வழியில்லை. அந்த ஒருமுறை அக்டோபர் 19.

நேற்று நிஷிவாகி வந்து நின்று பார்த்தார். "பலகையில குரங்குகூட ஓடும்" என்றார். இவர் இறங்கி வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "குரங்குக்கு யாரும் நினைவுநாள் வைக்கிறதில்ல, அதனால அது பயமில்லாம ஓடும்" என்றார். நிஷிவாகிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்பா இருந்திருந்தால், நிஷிவாகி வாசலில் வரும்போதே உள்ளேயிருந்து குரல் கொடுத்திருப்பார். நினைவிருக்கிறதா? கண் போன பிறகும் காலடியை வைத்தே ஆளைச் சொல்வார். "நிஷிவாகி, யாரோட செருப்பப் போட்டுட்டு வந்திருக்க?" என்று ஒருநாள் கேட்க, குனிந்து பார்த்தால் உண்மையிலேயே பக்கத்து வீட்டுக்காரரின் செருப்பு.

அண்ணா, முழுவதும் சொல்ல மனமில்லையென்றால் வேண்டாம். ஒன்றே ஒன்று சொல்லுங்கள். நாலு அடிதானே? ஆம் அல்லது இல்லை. ஓர் அஞ்சலட்டை போதும்.

நொபுயே


ஈகா
ஆகஸ்டு 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜூலை இரண்டாம் தேதி எழுதிய கடிதம் வந்து சேர்ந்ததா? உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயமாக இருக்கிறது. விடுமுறையில் தனியாக இருப்பீர்கள். காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டில் சொல்லி ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

போன வாரம் பலகையை இன்னும் நிமிர்த்தினார். அநேகமாகச் சுவர் மாதிரியே. மூன்றாவது அடி வரை போனார். நாலாவது வைத்ததும் பலகை அவரை வெளியே தள்ளியது போல் இருந்தது. அப்படியே மல்லாந்து விழுந்தார். வைக்கோல் பரப்பியிருந்தோம். விலா எலும்பு ஒன்றில் விரிசல் என்று வைத்தியர் துணி சுற்றியிருக்கிறார்.

"போதும், பேர்ப்பலகைய நிஷிவாகிக்கே குடுத்துருவோம்" என்றேன். அவர் என்னிடம் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று கோபப்பட்டார். "இந்த வீட்டுக்கு நான் வெறும் கையோட வந்தேன். இவங்க பேரத்தான் எனக்குக் குடுத்தாங்க. அதையும் கழட்டிக் குடுத்துட்டா நான் யாரு? நபாரியிலகூட என் பேர் இல்ல இப்ப."

நாலு அடிதானே அண்ணா?

நொபுயே


கானஸாவா
ஆகஸ்டு 20

நொபுயேவுக்கு,

காய்ச்சல் இல்லை. பதில் எழுதவில்லை, அவ்வளவுதான். வெயிலில் உன் தலைவலி வராமல் இருக்கட்டும்.

நாலு அடிதானே என்று கேட்கிறாய். இந்தக் கேள்வியை இதற்கு முன் ஒருவன் கேட்டிருக்கிறான். உனக்கு அப்போது பதினோரு வயது, பார்த்திருக்கிறாய், ஆனால் கேட்டிருக்க மாட்டாய். தைஷோ 15, புத்தாண்டு முடிந்த ஏழாம் நாள். எனக்குப் பத்தொன்பது. சுவரில் ஓட அனுமதி கேட்டேன். அப்பா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஓடு என்றும் சொல்லவில்லை. முற்றத்தில் வந்து நின்றார். நான் ஓட்டம் தொடங்கும் இடத்தில் நின்று திரும்பி, "அப்பா, நாலு அடிதானே?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறக்கவில்லை.

ஓடினேன். மற்றதை நீ பார்த்தாய். பிறகு முப்பத்திரண்டு வருஷமாக நான் படி ஏறுவதையும் பார்த்திருக்கிறாய்.

நம் வீட்டில் கேள்விக்கு விடை தரும் முறை அதுதான். அந்த முறையில்தான் நானும் ஜூலையில் உனக்கு விடை தந்தேன். வாரிசுக்கு மட்டும்தான் வாய்மொழி, அதையும் எழுத்தில் வைக்கக் கூடாது. விதிகளை நான் செய்யவில்லை. விதிகளால் லாபம் அடைந்தவர் உன் வீட்டில் விலாவில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வெறும் கையோடு வந்தாராம். நான் என்ன கொண்டுபோனேன் என்று யாராவது கேட்டீர்களா?

தெய்ஸோ


ஈகா
செப்டம்பர் 3

அண்ணாவுக்கு,

காற்று மாறிவிட்டது, இரவில் போர்வை தேவைப்படுகிறது. நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உறையின் மேல் சிவப்பு மையில் "உடனே படி" என்று எழுதியிருந்தீர்கள். தபால்காரர் ஏதோ சாவுச் செய்தி என்று பயந்து வயல் வரப்பில் ஓடிவந்து கொடுத்தார். வாத்தியார் பழக்கம்தானே. இவர் உடனே படித்தார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "அண்ணன் கேட்டப்ப அப்பா ஏன் பேசல?" என்று என்னைக் கேட்டார். 

எழுத்தில் வைக்கக் கூடாதென்றால் வாயால் சொல்லுங்கள். நீங்கள் வர வேண்டாம், நான் வருகிறேன். பத்தாம் தேதி காலை வண்டி. எனக்குச் சொல்லக் கூடாதென்றால் வேண்டாம். முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நொபுயே


ஈகா
செப்டம்பர் 16

அண்ணாவுக்கு,

பத்தாம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்கு உங்கள் வாசலில் நின்றேன். நாலு முறை கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "வாத்தியார் வீட்டுலதான் இருப்பாரு, பள்ளிக்கூடம் மதியத்தோட முடிஞ்சிருச்சு. தூங்குறாரோ என்னவோ" என்றார்.

நீங்கள் தூங்கவில்லை. உள்ளே காலடி கேட்டது. ஒன்று ஊன்றி, ஒன்று இழுத்து. கதவு வரை வந்தது. நின்றது. பிறகு திரும்பிப் போனது. அப்பாவின் காது எனக்கு இல்லை. ஆனால் அந்த நடையை நான் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன்.

வாசலில் வைத்த பொட்டலத்தில் ஊறுகாயும், முழங்காலுக்குக் கம்பளி உறையும் இருக்கிறது. நான்தான் பின்னினேன். இடதுக்கு மட்டும்.

இவரிடம் நீங்கள் ஊரில் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் சொன்ன முதல் பொய்.

நொபுயே


ஈகா
செப்டம்பர் 28

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

கென்சாகு வணக்கத்துடன் எழுதுகிறேன். சுவரோரம் இலையுதிர் காலச் சிவப்பு மலர்கள் பூத்துவிட்டன. தங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கக்கூட எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன். என் விலா குணமாகிவிட்டது.

நொபுயே தங்களைத் தொந்தரவு செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஊரில் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டியது அவள் தவறு. (அவளுக்குப் பொய் சொல்ல வராது. வண்டியிலிருந்து இறங்கியபோதே தெரிந்துவிட்டது.)

நான் வாய்மொழியைக் கேட்டு எழுதவில்லை. அப்பா அதைத் தங்களிடம் சொன்னார். மூத்த மகனிடம் சொன்னார். அது நியாயம். போர் முடிந்து கப்பலில் திரும்பி வந்து, அப்பா போய் எட்டு மாதம் ஆகிவிட்டதென்றும், சொல் தங்களிடம் இருக்கிறதென்றும் அறிந்தபோது, உண்மையாகச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. தங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதில் ஒன்றாவது தங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

தோஃபு கடைக்காரன் மகன் என்று எழுதியிருந்தீர்கள். ஆமாம். தண்ணீர்த் தொட்டியோடு தோஃபுவைத் தோளில் வைத்துக்கொண்டு மலைச் சரிவில் ஓடுவேன். சிந்தினால் என் சொந்த அண்ணன் உதைப்பான். அதைப் பார்த்துத்தான் அப்பா என்னைக் கேட்டு வந்தார். ஆனால் இந்த வீட்டில் இருந்த வருஷங்களில் அவர் என்னைப் பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "ஏய்", "இந்தா", "பலகைய நிமித்து". நான் "அப்பா" என்றால் "ம்" என்பார். அந்த முற்றத்தில் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடக் காத்திருந்தது வேறு ஒருவரை என்று எனக்கு எப்போதும் தெரியும்.

19ஆம் தேதி ஓடுவேன். ஏறினால் பெயர்ப்பலகையைத் தங்களிடம் கொண்டுவந்து தர எண்ணியிருக்கிறேன். ஏறாவிட்டால் நொபுயேவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை மட்டும்தான் கேட்கிறேன்.

கிரிஹாரா என்று கையெழுத்திடத் தயக்கமாக இருப்பதால் பெயர் மட்டும்,

கென்சாகு


கானஸாவா
அக்டோபர் 16

நொபுயே,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதை அவனிடம் கொடு. படித்துக் காட்டு.

காலையில் தந்தி அலுவலகம் வரை போனேன். படிவத்தை நிரப்பினேன். குமாஸ்தா பேனாவால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு எண்ணத் தொடங்கினான். முன்னூறு வருஷமாக வாரிசுகளைத் தவிர யார் காதிலும் விழாத ஒன்றை அவன் எண்ணிக்கொண்டிருந்தான். படிவத்தைப் பிடுங்கிக் கிழித்துவிட்டேன். ஆகவே விரைவுத் தபால். எழுத்தில் வைக்கிறேன். விதியை மீறியவன் என்று என் கல்லறையில் நிஷிவாகி எழுதிக்கொள்ளட்டும்.

நாலு அடிதான். ஆனால் முதல் அடி தரையில்.

புரிகிறதா? இறந்த நாளை ஒன்றென்று எண்ணுகிறோம். பிறந்த நாளை ஒன்றென்று எண்ணினோம். இந்தச் சுருளை எழுதியவனும் அப்படித்தான் எண்ணினான். சுவருக்கு முன்னால் மண்ணில் ஊன்றி எழும்பும் அடி, அது ஒன்று. சுவரில் மூன்றுதான். மூன்றாவதில் காலை மறந்துவிட்டுக் கையை நீட்ட வேண்டும், மேல்கட்டை அங்கே இருக்கும். சுவரிலேயே நாலு என்று எண்ணுகிறவன் அடியைக் குறுக்கிக்கொள்கிறான். மூன்றாவதோடு வேகம் தீர்ந்துவிடுகிறது. நாலாவது அடி ஏற்றாது, வெளியே தள்ளும். பலகையின் சாய்வு அந்தத் தவறை மன்னிக்கும். சுவர் மன்னிக்காது. ஆகஸ்டில் அவன் விழுந்ததை நீ எழுதியபோதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் எழுதிய கடிதம்தான் அது.

மூன்று. மூன்று. மூன்று என்று சொல்.

இனி மற்றது. இதைப் பன்னிரண்டு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா என்னிடம் சொல்லவில்லை. அன்று நான் அறைக் கதவைத் தள்ளி உள்ளே போனேன். கண் தெரியாமல் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தவர், "கென்சாகு, வந்துட்டியா?" என்றார். கப்பலுக்காகக் காத்துக் காத்து, வந்த முதல் ஆளை அவன் என்று எடுத்துக்கொண்டார். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. படுக்கையருகே மண்டியிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கென்சாகு, நல்லாக் கேட்டுக்க. முதல் அடி தரையில" என்றார்.

அவ்வளவுதான் சொல். பத்தொன்பது வயதில் நான் கேட்டபோது அது அவர் வாய்க்குள் இருந்தது. முற்றத்தில் பத்தடி தூரத்தில் இருந்தது. என் காலை விட விதி பெரிது என்று விழுங்கிவிட்டார். இருபது வருஷம் கழித்து அதை என் காதிலேயே போட்டார், அடுத்தவன் பெயரைச் சொல்லி.

அன்று நான் அழுததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அழவில்லை. எனக்குக் கிடைத்த ஒரே சொத்து அவன் பெயரில் இருந்தது. அதையாவது அவன் அனுபவிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். அவன் கடிதம் வரும் வரை அது எனக்கு நியாயமாகவே பட்டது. அதன் பிறகும் பதினைந்து நாள் வைத்திருந்தேன். அப்படிப்பட்டவன் நான்.

பெயர்ப்பலகை எனக்கு வேண்டாம். அவன் பெயர் கிரிஹாரா கென்சாகு. முழுதாகக் கையெழுத்துப் போடச் சொல்.

கம்பளி உறை சரியாக இருக்கிறது.

தெய்ஸோ


ஈகா
அக்டோபர் 27

அண்ணாவுக்கு,

குளிர் வந்துவிட்டது. கம்பளி உறையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் 18ஆம் தேதி மாலையே வந்துவிட்டது. உறையின் மேல் சிவப்பு மையில் "உடனே படி" என்று இருந்தது.

நான் படிக்கவில்லை.

அவர் அன்று மாலை குளித்து, புது உடை எடுத்து வைத்து, ஒரு கிண்ணம் சோறு முழுதாகச் சாப்பிட்டார். பல வாரங்களுக்குப் பிறகு. போன சிவப்பு மைக்கு அவர் இரண்டு நாள் பட்டினி கிடந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. ஓடி முடிக்கட்டும், நாளைக்குக் கொடுக்கலாம், திட்டாக இருந்தாலும் அப்போது தாங்குவார் என்று நினைத்து மடித்து என் இடுப்புக் கச்சையான ஓபிக்குள் செருகிக்கொண்டேன். மறுநாள் அதே ஓபியைத்தான் கட்டியிருந்தேன். மந்திரம் ஓதி முடியும் வரை அது என் இடுப்பில் உறுத்திக்கொண்டே இருந்தது.

எல்லோரும் முற்றத்தில் நின்றார்கள். அவர் ஓட்டம் தொடங்கும் இடத்தில் நின்று என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது அடியில் கை மேல்கட்டைக்கு ஒரு சாண் கீழே இருந்தது. நான் பார்த்தேன். நீட்டியிருந்தால் போதும். அவர் நாலாவதுக்குக் காலைத் தூக்கினார்.

உயிர் இருக்கிறது. நகர மருத்துவமனையில் இருக்கிறோம். இடுப்புக்குக் கீழே ஊசி குத்தினால் தெரியவில்லை. இனித் தெரியாது என்கிறார் மருத்துவர். நிஷிவாகி வந்தார். பெயர்ப்பலகையைப் பற்றிப் பேசவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

என் துணிகளை மாற்றச் சொல்லித் தாதி ஓபியை அவிழ்த்தபோதுதான் கடிதம் கீழே விழுந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து படித்தேன்.

உங்களை நான் மன்னிக்கவில்லை. என்னையும் மன்னிக்கவில்லை. அதை எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

நான்கு நாள் மறைத்து வைத்திருந்தேன். பிறகு அவருக்குப் படித்துக் காட்டினேன். மூன்று என்று வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். விரலால் போர்வையில் தட்டிப் பார்த்தார். ஒன்று, பிறகு மூன்று. "சரியாத்தான் இருக்கு" என்றார். கடைசிப் பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.  அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார், எழுதுகிறேன்.

"நொபுயே, அண்ணன் கதவத் தள்ளிட்டு நடந்துதானே உள்ள போயிருப்பாரு?"

"ஆமா."

"பாயில. கால இழுத்துக்கிட்டு."

"ஆமா."

"அப்பா, நிஷிவாகியோட செருப்பு மாறினதக் கேட்டுச் சொன்னவரு. சொந்தப் பிள்ளையோட நடை தெரியாதா? அந்தக் கால் எப்படிப் போச்சுன்னு அவரவிட யாருக்குத் தெரியும்?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "என்ன ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. அன்னிக்கு மட்டும் ரெண்டு தடவ கூப்பிட்டிருக்காரு. வாரிசுக்குத்தானே சொல்லலாம்? அதுக்கு என் பேரு வேணும். பேர வச்சு விதிய ஏமாத்திட்டு, அண்ணனுக்குத்தான் சொன்னாரு. அவருகிட்டதான் சொல்ல வேண்டியிருந்துச்சு. அண்ணனுக்கு எழுது. அவருக்குத் தெரியல."

எழுதிவிட்டேன்.

இப்போது அவருக்குப் பகலெல்லாம் ஒரே வேலை. தாழ்வாரத்தில் யார் நடந்தாலும் கேட்டு, யார் என்று சொல்வது. தாதிகளை எல்லாம் சரியாகச் சொல்கிறார். நேற்று மாலை யாரோ காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார்கள். இவர் தலையைத் தூக்க முயன்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிக் கேட்டார். காலடி எங்கள் கதவைத் தாண்டிப் போனது.

"இல்ல" என்றார். "இவரு இழுக்கிறது வலது காலு."

நொபுயே